கடலைச் சுருளில் போன வினாக்கொத்து

பல்கலைக்கழகத்தில் கஷ்டப்பட்டு எழுதும் ஆய்வை யாரும் வாசிப்பதில்லை என்று குறைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தக் குறை இல்லை. என் ஆய்வை ஒரு பின்னேரம் பள்ளிவாசல்துறையே வாசித்தது. பந்து விளையாட்டைப் பார்த்தபடி, கடலையை மென்றபடி, பக்கத்தில் நின்றவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியது. அன்றைக்கு வந்த வெட்கத்தில் பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. எழுதினால் குறையுமா என்று பார்க்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சமூகவியல், கடைசி வருடம். மதுரங்குளியில் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அதை நான் மறந்தாலும் என் நடை மறக்காது. கரையோரத்துப் பிள்ளைகளின் குடும்ப உறவு, உடல்நலம், கற்றல், சமூக அடையாளம் என்று நான்கையும் சேர்த்து ஒரு தலைப்பு வைத்திருந்தேன். (இதில் ஒன்றை மட்டும் எடுத்து ஒழுங்காகச் செய்யும்படி ஆய்வை மேற்பார்த்த மேடம் சொன்னார். ஒன்று எனக்குக் காணாது, நான்கும் வேண்டும்.)

களமாகப் பள்ளிவாசல்துறையைத் தெரிவுசெய்ததற்குப் பெரிய பெரிய காரணங்கள் எழுதியிருந்தேன். உண்மைக் காரணம், உம்மாவின் தம்பி அமீன் மாமா அங்கே இருந்தார், அவர் மனைவி நூர்ஜஹான் மாமி சோற்றுக்குக் காய்ச்சும் மீன் ஆணம் அங்கே இருந்தது. மாமா பள்ளிவாசல் சந்தியிலும் மைதானத்திலும் கடலை வண்டி வைத்திருப்பவர். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை. அதைச் சுருட்டிக் கொடுக்கும் தாளை மாமிதான் வீட்டில் வெட்டுவார்.

அந்த ஊர் டியூஷன் வகுப்பொன்றில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தார்கள். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, ஒரு பின்னேரம் வினாக்கொத்தைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் சின்னதாக ஒரு பேச்சு. பெயர் எழுத வேண்டாம், நீங்கள் எழுதுவதை நானும் என் மேடமும் தவிர வேறு எவரும் பார்க்கமாட்டார்கள், இது ஆய்வு ஒழுக்கம் என்றெல்லாம் சொன்னேன். முன்வாங்கில் இருந்த ரிஷாதா என்ற பிள்ளை கையை உயர்த்தி, வாப்பாமாருக்குக் காட்டமாட்டீர்களா என்று கேட்டாள். காட்டமாட்டேன் என்றேன். உம்மாமாருக்கும் காட்டமாட்டீர்களா என்றாள். இல்லை என்றேன். அவள் பேனையைத் திறக்கவில்லை.

"வல்லாஹி எண்டு சொல்லுங்க சேர்."

"வல்லாஹி," என்றேன்.

அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்ன பிறகுதான் நாற்பது பேனைகளும் திறந்தன. அதற்குப் பிறகு அவர்கள் எழுதினார்கள் பாருங்கள், இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்கள். மாமா வீட்டு முற்றத்தில் இருந்து அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. வீட்டில் யாரும் கேட்காத கதைகளை ஒரு அந்நியனிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். (நெஞ்சு அடைத்த அதே நேரம், எந்த மாநாட்டில் இதைப் படிப்பது, அன்றைக்கு எந்தச் சட்டை போடுவது என்றும் யோசித்தேன்.)

நிரப்பிய தாள்களைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். மாமி வீட்டில் பூட்டுள்ள அலுமாரி ஒன்றுதான். அதற்குள் பெருநாளைக்கு எடுக்கும் பீங்கான்கள் இருந்தன, பீங்கானை விட என் தாள் பெரிதில்லை என்பது மாமியின் முடிவு. என் பையில் வைத்தால் மாமியின் சின்னப் பிள்ளைகள் கிளறுவார்கள். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. குசினிக்குப் பின்னால் பழைய கொப்பிகளும் பரீட்சைத் தாள்களும் நிறைந்த ஒரு சாக்கு இருந்தது. தாளுக்குள் தாளை வைத்தால் யார் தேடப் போகிறார்கள்? வினாக்கொத்துக் கட்டை அந்தச் சாக்கின் மேல்பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, இரண்டு நாளைக்கு மதுரங்குளிக்குப் போய்விட்டேன்.

அந்தச் சாக்கு எதற்கென்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். மாமி அதிலிருந்து தாள் எடுத்து, பாதியாக வெட்டிச் சுருட்டுவதை அவர் பக்கத்தில் இருந்து பிளேன்டி குடித்தபடி பலமுறை பார்த்தவன் நான். படித்தவன் வேறு.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது மைதானத்தில் பள்ளிவாசல்துறைக்கும் நுரைச்சோலைக்கும் ஆட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கேதான் போனேன். மாமா என்னைக் கண்டதும் சூடாக ஒரு சுருளைக் கையில் வைத்தார். எங்கள் பக்கத்தில் கடலை தின்றவர் தாளை வாசிக்காமல் எறியமாட்டார். யாரோ ஒரு பிள்ளையின் பிழையான கணக்கைப் பார்த்து, அது சரியில்லை என்று தலையாட்டிவிட்டுத்தான் கசக்குவார். நானும் பழக்கத்தில் எண்ணெய் ஊறிய தாளை விரித்தேன். நீங்கள் யாரென்று ஒருவர் கேட்டால் முதலில் என்ன சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. நல்ல கேள்வி, யாரோ ஆழமாக யோசித்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டினேன். இன்னும் மூன்று கடலையை வாயில் போட்ட பிறகுதான் அந்த ஆழமான மனிதன் நான் என்பது விளங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். மைதானத்தைச் சுற்றி ஊர் நின்றது. ஊரின் கையில் சுருள் இருந்தது. ஊர் வாசித்துக்கொண்டிருந்தது.

மாமாவிடம் ஓடினேன். அவர் முகத்தில் என்றுமில்லாத மகிழ்ச்சி.

"இண்டைக்குத் தாள் சோக்கு மருமகன். நல்ல தடிப்பம், எண்ணெ கையில படுதில்ல. ஒங்கட மாமி எங்க எடுத்தாவோ தெரியா."

மிச்சத் தாளை எடுத்து என் பையில் திணித்தேன். மிச்சம் ஐந்தோ ஆறோதான். பிறகு கூட்டத்துக்குள் பாய்ந்து ஒவ்வொருவராகச் சுருளைக் கேட்டேன். குப்பை பொறுக்க வந்த நல்ல பிள்ளை என்று நினைத்துச் சிலர் மிளகாய்க் காம்பையும் சேர்த்துத் தந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கையை இழுத்துக்கொண்டார். "இரி மகன், இன்னம் முடியல்ல," என்றார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற ஒருவர், இது உன் தம்பியின் எழுத்துப் போலக் கிடக்கிறது என்று கோல் காத்து நின்ற எங்கள் கோலியிடம் ஒரு தாளை நீட்ட, கோலி அதை வாங்கி வாசித்தார். அவர் இரண்டாம் வரிக்கு வந்தபோது நுரைச்சோலை கோல் அடித்தது. அந்த ஒரு கோலில்தான் தோற்றோம். (இதை நான் வெளியே சொல்வது இதுவே முதல் தடவை.)

தாள்களில் பெயர் இல்லை. அதுவும் பாதியாக வெட்டிய தாள். அதனால் பிள்ளைகள் தப்பினார்கள் என்று நினைத்தேன். நடந்தது அதுவல்ல. யாருடையது என்று தெரியாததால் ஒவ்வொரு வாப்பாவும் தன் கையில் இருப்பது தன் பிள்ளை எழுதியது என்று நினைத்தார். ரிஷாதாவின் வாப்பா ஜவ்பர் நாநா, மீன் வியாபாரி, லேசில் எதற்கும் அசையாத ஆள். அவர் கையில் இருந்த துண்டில், வீட்டில் உங்கள் பேச்சை அதிகம் கேட்பவர் யார் என்ற கேள்விக்கு, 'எங்கட பூனை' என்று எழுதியிருந்தது. நான் தாளைக் கேட்டேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்கட ஊட்டிலயும் பூனை இரிக்கி," என்றார்.

மீன்பிடிக்கும் ஊரில் எந்த வீட்டில்தான் பூனை இல்லை? முழுத் தாளையும் முன்பே வாசித்திருந்த எனக்கு, அதை எழுதியது ஒரு பையன் என்று தெரியும். சொல்ல முடியுமா? அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டில் பூனையைத் துரத்திவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன புதினம்?" என்று அன்றைய கதையைக் கேட்டாராம். மகள் பயந்துபோய் உம்மாவைக் கூப்பிட்டாளாம்.

ரிஷாதாவுடைய துண்டு (அது அவளுடையது என்று எனக்கும் பிறகுதான் தெரிந்தது) வேறொருவர் கையில் போயிருந்தது. வகுப்பில் போர்டு இரண்டு வருடமாகத் தெரியவில்லை, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், வீட்டில் சொன்னால் ஃபோன் பார்த்ததால் வந்தது என்று ஃபோனைப் பறிப்பார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். அந்த மனிதர் அதைத் தன் மகன் எழுதியதென்று நம்பி, கலங்கிப்போய், பக்கத்தில் நின்ற நாலு பேருக்கு வாசித்துக் காட்டினார். அந்த நாலு பேரும் அவரவர் பிள்ளைதான் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த கிழமை ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் புத்தளம் டவுனுக்குக் கண் பரிசோதிக்கப் போனார்கள். போர்டு நன்றாகத் தெரிகிறது என்று அழுத பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜவ்பர் நாநாவும் மகளை ஏற்றிவிட்டார். எவருடைய ஃபோனும் பறிபோகவில்லை. பறித்தால், தாளை வாசித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும் அல்லவா?

நல்லதுதானே நடந்தது என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். மேடத்துக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, அந்தத் தரவில் ஒரு வரியும் பாவிக்க முடியாது, ஆய்வு அடுத்த தவணைக்குத் தள்ளிப்போகும், அதையெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நீயே சொல்லிவிட்டு வா என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

போனேன். அதே வகுப்பு, அதே நாற்பது பேர். ரிஷாதா புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். அவள் ஏன் எப்போதும் முன்வாங்கில் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. (சமூகவியல், கடைசி வருடம்.) சாக்குக் கதையை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பின்வாங்கில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கண்ணாடி நல்லம் சேர். ஆனா நீங்க வல்லாஹி எண்டு சொன்னீங்க."

வெட்கத்தில் தலை குனிந்து நிற்பது என்று கதைகளில் எழுதுவார்கள், அன்று நான் உண்மையிலேயே என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு ரிஷாதா எழும்பித் தீர்ப்பைச் சொன்னாள். அதே வினாக்கொத்தை நானும் நிரப்ப வேண்டும், உண்மையை எழுத வேண்டும், பெயரும் போட வேண்டும். அதை என்ன செய்வது என்பது அவர்கள் பாடு.

வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதினேன். நான் தயாரித்த கேள்விகள் எவ்வளவு பொல்லாதவை என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. கற்றலில் நீங்கள் வீட்டுக்கு மறைத்த விடயம் எது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் ஃபெயில், திரும்ப எழுதித்தான் பாஸ் பண்ணினேன், வீட்டில் தெரியாது என்று எழுதினேன். ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி. 'உம்மாவிடம் சொன்னால் அழுவார். வாப்பாவிடம் சொன்னால் தான் படித்த காலத்துக் கதையைத் தொடங்குவார்' என்று எழுதிப் பெயரையும் போட்டுக் கொடுத்தேன். ரிஷாதா அதைப் புதுக் கண்ணாடியால் ஒருமுறை முழுதாக வாசித்தாள். மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள், எனக்கு உயிர் வந்தது.

நாலு நாளைக்குப் பிறகு அமீன் மாமா எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். பள்ளிவாசல்துறைப் பிள்ளைகள் தந்துவிட்டதாம், சேருடைய உம்மாவுக்காம். பிரித்தால் கடலைச் சுருள். உம்மா ஆசையாகத் தின்றார். தின்று முடித்துத் தாளை விரித்தார்.

நான் நினைத்ததுபோல் அவர் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வாப்பாவைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார். வாப்பா வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார், கதை வரப்போகிறது என்று காத்திருந்தேன், அவர் கடலை மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பிப் போனார்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நானே பிள்ளைகளுக்கு ஆய்வுமுறை படிப்பிக்கிறேன், என் அறையில் இரண்டு பூட்டுள்ள அலுமாரி இருக்கிறது. ஊரிலிருந்து உம்மா கிழமைக்கு ஒருமுறை ஃபோன் எடுப்பார். சலாம் சொன்ன கையோடு, நான் எதையும் சொல்லத் தொடங்கும் முன்னமே, "சொல்லு மகன், நான் அழமாட்டன்," என்பார். பின்னால் கதிரையிலிருந்து வாப்பாவின் குரல் கேட்கும், "நானும் வாயத் தொறக்க மாட்டன்." தம்பி, தங்கச்சி, அவர்களுடைய பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் இப்போது வீட்டுச் சட்டம். கூட்டாளியோடு சண்டை என்று சொல்ல வருகிற ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இதே வாக்குறுதிதான். இரண்டு பேரும் ஒருநாளும் அதைக் காப்பாற்றியதில்லை. உம்மா, "அழமாட்டன்" என்று சொல்லி முடிக்கும் முன்னமே அழத் தொடங்கிவிடுவார். நாங்களும் அது தெரிந்தேதான் எல்லாவற்றையும் சொல்கிறோம்.