கச்சான் தட்டு சொன்ன தீர்ப்பு

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் மலாக்கா மாநிலத்தில் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். வேர்க்கடலைத் தட்டை வைத்து எடைபோட்டவன் ஒருவன்தான். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் கச்சான் என்று பெயர். அதனால் அவனும் கச்சான். அப்பா அம்மா வைத்த பெயர் அவனுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான், மணியம், கச்சான் மூவரும் பாயா ரும்புட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வேலை மலாக்கா டவுனில், ஒரு கடைவீட்டு மாடியில். வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களுக்குக் கூலிக்கு வரைகிற சின்னக் கம்பெனி. கையைத் தூக்கிய படத்தையும் இறக்கிய படத்தையும் எங்கேயோ இருக்கும் பெரிய மனிதர்கள் வரைந்து அனுப்புவார்கள். நடுவில் அந்தக் கை போகிற வழியையெல்லாம் நாங்கள் வரைவோம். அந்த ஆள் சிரிக்கிறானா, அழுகிறானா, சும்மா நிற்கிறானா என்று முடிவு செய்யும் உரிமை எங்களுக்குக் கிடையாது. அந்த உரிமை ஒன்றுக்காகத்தான் மூவரும் ஏங்கிக் கிடந்தோம்.

அது வேண்டுமென்றால் கோலாலம்பூர் ஸ்டூடியோக்களுக்கு டெமோ ரீல் கொண்டு போக வேண்டும். நாமே கற்பனை செய்த ஆள்களை நாமே நடக்கவிட்டு, அழவிட்டு, அதில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டிய வீடியோ டேப். எது நல்ல துண்டு என்று யார் சொல்வது? அங்கேதான் வில்லங்கம். நம் ஆள்களிடம் போட்டுக் காட்டி எப்படி என்று கேட்டால், "ஓகே லா, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கல்யாண வீட்டுச் சாம்பாரைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். மனசு நோகக் கூடாது என்கிற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தால் மணியத்தின் முதல் ரீல் ஒரு ஸ்டூடியோ விடாமல் திரும்பி வந்தது.

கச்சான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். பார்க்க வந்தவர்கள் முன்னால் வறுத்த கச்சானை ஒரு தட்டு நிறையக் கொட்டி வைப்பான். டேப்பைப் போட்டுவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். யாருடைய கையாவது தட்டுக்குப் போனால் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்துவான்.

"இங்கதான் செத்துச்சு."

"டேய், எனக்குப் பசிடா."

"படம் உசுரோட இருந்தா பசி எப்பிடிடா தெரியும்?"

முதலில் பலியானது என்னுடைய ரீல். இரண்டு வீரர்கள் வாளைச் சுழற்றிப் போடுகிற சண்டை. நாலு மாதம் கண் எரிய வரைந்தது. சண்டை தொடங்கியதுமே மணியம் ஒரு பிடி அள்ளினான், தொடர்ந்து நானே ஒரு பிடி அள்ளினேன். சண்டை முடிந்து, ஜெயித்த வீரன் அறுந்துபோன தன் செருப்பைக் குனிந்து பார்க்கிறான். வேறு ஒன்றும் தோன்றாததால் நான் சேர்த்த இடம் அது. அங்கே மட்டும் எல்லாக் கையும் மடியில் கிடந்தது.

"சண்டையத் தூக்கிப் போடு. செருப்ப வச்சுக்க" என்றான் கச்சான்.

அன்றைக்கு அவனோடு பேசுவதை நிறுத்தினேன். மறுநாள் சண்டையைத் தூக்கிப் போட்டேன்.

இன்னொரு முறை, சூடாகச் சாப்பிடுகிற ஆளை வரைய வேண்டும் என்று எங்களை உம்பாய் கடற்கரை மீன் கடைக்கு இழுத்துப் போனான். சுட்ட மீன் மணக்கிறது, எங்களுக்கு எச்சில் ஊறுகிறது, இவன் தன் மீனைத் தொடவே இல்லை. பக்கத்து மேசையில் பல்லிடுக்கிலிருந்து முள்ளை இழுத்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவரையே கண் கொட்டாமல் பார்த்தான். அவருக்கோ தோள் இரண்டும் கதவு அகலம்.

"என்னா தம்பி, என் மூஞ்சில படம் ஓடுதா?"

நாங்கள் எழுந்து ஓடத் தயாரானோம். கச்சான் நகரவில்லை. "ஆமாண்ணே. அந்த முள்ள இன்னொரு தடவ எடுங்களேன், பிளீஸ். இந்த வாட்டி கொஞ்சம் கோவமா."

மனிதர் ஒரு கணம் முறைத்தார். பிறகு இன்னொரு மீனுக்குச் சொல்லிவிட்டு, கோபமாக ஒரு முள், வெட்கத்தோடு ஒரு முள், மாமியார் எதிரில் உட்கார்ந்திருப்பது போல ஒரு முள் என்று எடுத்துக் காட்டினார். போகும்போது, "படம் வந்தா சொல்லு லா" என்று கச்சானின் முதுகில் தட்டினார். அந்த வலி இரண்டு நாள் இருந்தது.

இப்படி ஊரார் ரீலையெல்லாம் திருத்தியவன், தன்னுடையதைக் கண்ணில் காட்டவே மாட்டான். கம்பெனியை மூடப் போகிறோம் என்று முதலாளி அறிவித்த வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. கோலாலம்பூர் ஸ்டூடியோ ஒன்று அவனைப் புதன்கிழமை டேப்போடு வரச் சொல்லியிருந்தது. அங்கே வேலை கிடைக்காவிட்டால், அவன் அப்பா காவல் பார்க்கிற தொழிற்சாலையிலேயே இவனுக்கும் ஒரு வேலை பேசி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இருவரையும், பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவையும் உட்கார வைத்தான். தட்டு வந்தது. டேப் ஓடியது. முக்கால்வாசி ஒரு பெரியவர்தான். வேலை முடிந்து வருகிறார், படி ஏறுகிறார், மூட்டு வலிக்கிறது, நாற்காலியில் உட்காருகிறார். அவனுடைய அப்பாவேதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே அவருக்கு அந்த மூட்டு வலி.

டேப் முடிந்தது. தட்டில் ஒரு கச்சான் குறையவில்லை.

"ஒரு கை கூட போகல! டேய், ஒரு கை கூட!" என்று குதித்தவன் வாசலுக்கு ஓடி, பப்பாளி மரத்தைக் கட்டிப் பிடித்தான். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எப்படிப் போகும் கை? மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணியம் காவடி, நான் பால்குடம், அக்காவுக்கு வருஷா வருஷம் வேண்டுதல். மூவருமே விரதம். ராத்திரி ஒரு வேளைதான் சோறு. வீட்டில் ஒரு வாரமாகக் கறி, மீன் கிடையாது. கச்சானுக்கு அது கூடத் தெரியவில்லை. வரைய உட்கார்ந்துவிட்டால் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கிற ஆள் இல்லை அவன்.

அடுப்படியில் ரகசிய மாநாடு கூடியது.

"சொன்னா ஒடஞ்சிருவான்கா" என்றான் மணியம்.

"சொல்லலன்னா புதன்கிழம அங்க போயி ஒடைவான். அது பரவாலியா?" என்ற அக்கா, எங்களை நம்பிப் பயனில்லை என்று தானே வாசலுக்குப் போனார். "தம்பி, நாங்க மூணு பேரும் விரதம்பா. அதான் யாரும் தொடல."

கச்சான் மரத்தை விட்டான். முகம் செத்துப் போனது.

"எவ்ளோ நாளா?"

"ஒரு வாரமா."

"அலாமாக். அதான் மீன் கொழம்பே வரலயா?"

போய்ப் படுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ தட்டை எடுத்து எங்கள் மூக்குக்குப் பக்கத்தில் நகர்த்தினான். "உக்காருங்க. கை கெடக்கட்டும். இந்தத் தடவ கண்ணப் பாக்கிறேன்."

பசித்தவனின் கண்ணை அடக்க முருகனாலும் முடியாது. பெரியவர் படி ஏற ஆரம்பித்தார், எங்கள் கண்கள் கச்சான் தட்டில் இறங்கின. கச்சான் நிறுத்தினான். ஓட்டினான். மறுபடி நிறுத்தினான். இரண்டு மாத உழைப்பு எங்கள் வயிற்றுக்கு முன்னால் நிற்க முடியாமல் சரிந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சுக்க தம்பி, வயிறு கேக்க மாட்டேங்குது" என்றார் அக்கா, கண் கலங்கி.

"நீங்க பாருங்கக்கா. நீங்கதான் எனக்கு வேணும்."

கடைசியில் பெரியவர் உட்காரப் போகிறார். உட்காருவதற்கு முன்னால் கையைப் பின்னால் விட்டு, நாற்காலி அங்கேதான் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். ஒரு நொடி. மூவரும் தட்டை மறந்தோம். லெட்சுமி அக்கா டிவி பக்கமாகச் சாய்ந்தார். "எங்கப்பாவும் இப்பிடித்தான் தம்பி. நாக்காலி அங்கதான் இருக்குன்னு தெரியும். தொட்டுப் பாக்காம உக்கார மாட்டாரு."

கச்சான் டிவியை நிறுத்தினான். அடுத்த நாள் கல்யாண வீடியோ எடுக்கிற கடைக்குப் போய், படி ஏறுவது முழுவதையும் வெட்டினான். அவன் அப்பாவின் மூட்டு வலியில் பாதி அந்தக் கடைக் குப்பைக் கூடையில் கிடந்தது. நான் இப்போது வரைவதை விட்டுவிட்டு எழுதுகிறவன், என் கட்டுரையில் பத்திரிகை ஆசிரியர் ஒரு வரியை எடுத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். அவன் விசிலடித்துக்கொண்டு வெட்டினான். அப்படி ஒரு நெஞ்சை நான் அதற்குப் பிறகு எந்தக் கலைஞனிடமும் பார்த்ததில்லை.

புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தவனிடம், என்ன ஆயிற்று என்று மூவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"அந்த நாக்காலி எடத்த திரும்பத் திரும்பப் போட்டாங்க. முன்னால காப்பி வச்சிருந்தாங்கடா. யாரும் தொடல. ஆறியே போச்சு." அதற்குப் பிறகுதான், வேலை கிடைத்ததைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த வாரம் மலாக்கா பஸ் ஸ்டாண்டில் அவனை ஏற்றிவிட்டோம். பஸ் நகர்ந்தது. நாங்கள் கையை ஆட்டினோம். ஜன்னல் வழியே தலையை நீட்டி, போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினான்: "தோள்லேர்ந்து ஆட்டுடா! மணிக்கட்ட மட்டும் ஆட்டுனா பொய்யாத் தெரியுது!"

தோளிலிருந்துதான் ஆட்டியிருப்பேன். ஆனால் அந்தப் பாவிக்காக அதற்குள் என் இரண்டு கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தன.