உள்ளோட்டம் தெரிந்த ஒச்சாண்டி

அரசியல் ஆலோசகர் என்றோர் இனம் உண்டு. தேர்தலில் நிற்காது; நிற்பவரை நிம்மதியாக நிற்க விடாது. கட்சி மாறும், சின்னம் மாறும், முல்லைப் பெரியாற்றில் தண்ணீர்கூடச் சில மாதம் நின்றுபோகும். இந்த இனத்தின் வாய் மட்டும் நிற்காது. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். உத்தமபாளையத்தில் இருந்தவர் ஒச்சாண்டி.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடை. திராட்சைக் கொடிக்கு மருந்து வாங்க வந்தவர், அடுத்த ஆட்சி யாருடையது, எந்த மந்திரி யாரைக் கவிழ்க்கப்போகிறார், டெல்லியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, மருந்தை மறந்து வீட்டுக்குப் போவார். "வெளிய தெரியிறது ஒண்ணு. உள்ளோட்டம் வேற" என்பார் ஒச்சாண்டி. அது எங்கே ஓடுகிறது? அவருக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றாறில் அவரிடம் ஆலோசனை கேட்டவர் தோற்றார். இரண்டாயிரத்தொன்றில் இன்னொருவர். அதனால் மதிப்புக் குறைந்ததா? ஏறியது. தோல்வியை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்த அனுபவசாலி வேறு யார்?

இரண்டாயிரத்தாறில் கவுன்சிலருக்கு நின்றார் ஹக்கீம். திராட்சைத் தோட்டக்காரர், வியாபாரி. ஒச்சாண்டிக்கு ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூட பெஞ்சு. மாமா, மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கல்யாணமோ சாவோ, யார் வீட்டு வாசலிலும் முதல் ஆளாக நிற்கிற மனுஷன் ஹக்கீம். சும்மா இருந்தாலே ஜெயித்திருப்பார். இருக்க விட்டால்தானே?

"மாப்ளே, நம்ம தெருப் பக்கம் தலை வச்சுப் படுக்காத."

"என்ன மாமா, சொந்தத் தெருவுல ஓட்டுக் கேக்க வேணாமா?"

"அது விழுந்த ஓட்டு. விழுந்த ஓட்டை எவனாச்சும் போயிக் கேப்பானா? விழாத தெருவுக்குப் போ."

ஹக்கீம் போனார். விழாத தெருக்களில் மோர் கொடுத்தார்கள், ஓட்டுக் கொடுக்கவில்லை. சொந்தத் தெருவிலோ, "கவுன்சிலர் ஆகு முன்னாடியே நம்ம வாசல் மறந்துபோச்சாக்கும்" என்று முகங்கள் சுண்டின. "ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்களேன்" என்று கெஞ்சினார் மனைவி சுமையா. ஆலோசகர் விடவில்லை.

ஹக்கீம் தோற்றார்.

மறுநாள் சாயங்காலம் உள்ளூர் கேபிள் டிவியில் தேர்தல் அலசல். கஞ்சி போட்ட சட்டையில் ஒச்சாண்டி.

"ஹக்கீம் ஏன் தோத்தாரு? சொந்தத் தெருவையே மதிக்கலை. அடிப்படைத் தப்பு!"

போன் அடித்தது. "நேயரே, எங்கன இருந்து பேசுறீக?" என்றார் நிகழ்ச்சி நடத்துபவர்.

"ஹக்கீம் பேசுறேன். மாமா, நம்ம தெருவுக்குப் போகாதன்னு எனக்குச் சொன்னது யாரு?"

'நான்தான் மாப்ளே' என்பது ஒச்சாண்டியின் நாக்கு நுனிவரை வந்தது நிஜம். ஆனால் எதிரே கேமரா.

"நல்ல கேள்வி" என்றது வாய். "இதைத்தான் நானும் சொல்ல வர்றேன். வேட்பாளருக தப்பான ஆளுக பேச்சக் கேக்கக் கூடாது."

அந்தப் பக்கம் சிரிப்புமில்லை, திட்டுமில்லை. "சரிங்க சார்" என்று போனை வைத்தார் ஹக்கீம்.

சார்!

அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்த ஒச்சாண்டி சாப்பிட உட்கார்ந்தார். "நீயாச்சும் மாப்ளைக்குப் போட்டியா?" என்றார் மனைவி மூக்கம்மாளிடம்.

"யாரு வந்து கேட்டாக? எதுத்து நின்னவுகதான் ஆத்தான்னு கையப் புடிச்சாக. போட்டேன். நீங்க யாருக்குப் போட்டீக?"

ஒச்சாண்டி தண்ணீரைக் குடித்தார். டீக்கடையில் உட்கார்ந்து யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று விளக்கிய மும்முரத்தில் அவர் ஓட்டுப் போடவே போகவில்லை.

அதன்பின் ஹக்கீம் கொடிக்கு மருந்து வாங்கக் கம்பம் டவுனுக்குப் போய்வந்தார். உரக்கடையைத் தாண்டும்போது வண்டி வேகம் எடுக்கும். ஒச்சாண்டி அதைப் பார்த்துப் பார்த்துச் சில மாதம் வாயே திறக்கவில்லை. பிறகு, புதிதாக வெள்ளை வேட்டிக்கு மாறிய ஒருவர் வந்து, "உங்கள டிவியில பாத்தேண்ணே" என்றார். ஒச்சாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், ஹக்கீம் இப்படிச் செய்திருந்தால் ஜெயித்திருப்பாரே என்று நடுவில் எங்கோ மனசுக்குள் ஒரு யோசனை சொன்னீர்களே, உங்களுக்கு எந்த ஊர்?