ஜாஸ் செபம்

டினோஜா அறை யன்னலில் மெத்தையைச் சார்த்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வையில் குளித்தபடி மைக்குக்கு முன்னால் நின்றாள். முதல் வரியைப் பாடி முடிக்கவில்லை. பக்கத்து வளவில் மீனவர் அன்ரனி, சோதித்துப்பார்க்கத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி வைத்திருந்த வள்ளத்து எஞ்சினை மறுபடி உறும விட்டார்.

அவளுடைய புது ஜாஸ் அல்பத்தில் இந்த ஒரு பாட்டுத்தான் பாக்கி. பொழுதுபடுவதற்குள் வரவில்லையென்றால் இதை விட்டுவிட்டு அல்பத்தை வெளியிடப்போவதாகக் கொழும்பிலிருந்து தயாரிப்பாளர் றொகான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மற்றப் பாட்டெல்லாம் விலைபோகும் என்று அவன் சொன்னபடி எழுதியவை. இதை மட்டும்தான் அவள் தனக்காக எழுதினாள். இதுவும் போனால் அந்த அல்பத்தில் அவளுடையதென்று அட்டைப்படத்து முகம் மட்டுமே மிஞ்சும்.

வேலிக்கு மேலால் எட்டி, ஒலிப்பதிவு நடக்கிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள்.

"நாளைக்குக் கடலுக்குப் போகவேணும் தங்கச்சி. நீங்கள் எஞ்சினுக்கு மேலாலை சத்தமாப் பாடுங்கோவன்" என்றார் அன்ரனி.

உள்ளே போய் அப்படியும் பாடிப்பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். திரும்பவும் வேலிக்கு வந்தவள், பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"பாட்டு முடிஞ்சுது அண்ணை. இப்ப செபத்திலை இருக்கப்போறன்."

எஞ்சின் உடனே நின்றது. மன்னார்க் கரையில் பாட்டுக்காக எஞ்சினை நிறுத்துகிற ஆள் கிடையாது. செபத்துக்கு நிறுத்தாத ஆளும் கிடையாது.

அந்த நிம்மதியில் பாடத் தொடங்கினாள். பாட்டின் நடுவில் சொல்லே இல்லாமல் குரலை அலையவிடும் இடம் ஒன்று வரும். "டூப டீப டா, ஷபடூ ஷபடா" என்று அவள் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தபோது, யன்னலுக்கு வெளியே அன்ரனியின் மனைவி அகஸ்ரினா செபமாலையோடு முழந்தாளில் நின்றாள்.

"எங்கடை டினோஜாவுக்கு அந்நிய பாசை வந்திட்டுது" என்று அவள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். பரிசுத்த ஆவி இறங்கினால்தான் அப்படி ஒருவருக்கும் விளங்காத பாசை வரும் என்பது ஊர்ச் செபக்குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் முற்றம் நிரம்பிவிட்டது. ஒருத்திக்கு மகனுடைய விசாவுக்காகச் செபிக்க வேண்டும், இன்னொருவருக்கு முழங்கால் வலி. குழந்தைகள் அழுதன, மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. சத்தம் இருந்தால் ஆவி இறங்காது என்று டினோஜா சொல்லிப்பார்த்தாள். எல்லோரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். ஆனால் அவள் "டூப டீப" என்றதும் முற்றமே அல்லேலூயா என்று எழுந்தது.

செபம் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்றாள். அன்ரனி பணிவாக எழும்பிப் போய் எஞ்சினை இழுத்து உறும விட்டார். இன்னும் முடியவில்லை என்று அவளே ஓடிப்போய் அவரைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. இதற்கிடையில் றொகான் வேறு, எங்கே பாட்டு என்று கேட்டுப் போனில் கத்தினான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் செபக்குழுத் தலைவர் மரியதாசன் வந்தார். ஊரில் அந்நிய பாசை பேசும் வரம் அதுவரை அவர் ஒருவருக்கே இருந்தது. எது ஆவி, எது நடிப்பு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேர். இனி டினோஜா தப்ப முடியாது. பாட்டும் போய், செபத்தோடு விளையாடியவள் என்ற பேரும் வரப்போகிறது.

"ஒருக்கா செபியுங்கோ பிள்ளை, கேப்பம்."

வேறு வழியில்லை. டூப டீப ஷபடூ என்று இழுத்தாள். அவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் கேட்டார். பிறகு சனத்தைப் படலைக்கு வெளியே அனுப்பினார். அவளோடு உள்ளே வந்து கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டார்.

அவள் அழுதேவிட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. இது செபம் இல்லை, பாட்டு. பொழுதுபட முந்தி அனுப்பவேணும் எண்டு பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும்" என்று குரலைத் தாழ்த்தினார் மரியதாசன். "பொழுதுபடும் வரைக்கும் வெளியிலை ஒருத்தரும் மூச்சுக் காட்டாமல் நான் பாத்துக்கொள்ளுறன். எனக்கும் அதிலை ஒரு நாலு வரி சொல்லித்தாங்கோ பிள்ளை. என்ரை அந்நிய பாசை சனத்துக்கெல்லாம் மனப்பாடமாப் போச்சு."