வோல்டேஜ் ப்ராப்ளம், சார்

ஒரு வேலையை வருஷக்கணக்கில் செய்கிறவனுக்கு அந்த வேலை தெரிந்திருக்கும் என்று உலகம் நம்புகிறது. என்னைப் பார்த்திருந்தால் நம்பியிருக்காது.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊரான நகரியில் பாதிப் பேர் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மூட்டை கட்டின காலம் அது. நான் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். மவுஸைத் தொடாமல், கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே கம்ப்யூட்டரை ஓட்டச் சொல்லித் தருவேன். என்னிடம் படித்தவர்கள் விமானம் ஏறினார்கள். நான் அலிபிரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று கரண்ட் ஆபீசுக்கே தெரியாது. அதனால் எதை டைப் அடித்தாலும் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமித்துவிடுவேன். கருப்புத் திரையில் சேமிக்க ஒன்றுமே இல்லை, விரல் கேட்டால்தானே? அழுத்தும். உடனே திரை அப்படியே நின்றுவிடும். (ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வாத்தியார் இல்லையா!) நைனா பவர்லூம் ஓட்டுகிறவர். தறி மக்கர் பண்ணினால் முதலில் ஸ்விட்சை அணை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நானும் கம்ப்யூட்டரை அணைப்பேன். "லோ வோல்டேஜ்" என்பேன். மாணவர்கள் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

சிங்கப்பூர் வேலைக்கு ஒரு கம்பெனி திருப்பதியில் ஓட்டல் அறை போட்டு ஆள் எடுத்தது. நைனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "எம்புள்ளைக்காவது இந்தத் தறி சத்தத்துல காது செவுடாவாது." அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு, வேலை இல்லாமல் வீடு திரும்பும் தைரியம் எனக்கு இல்லை.

அறையில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. பேச்செல்லாம் தெலுங்கு. என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, சில ஃபைல்களைத் தேடி எடுக்கச் சொன்னார். பிரமாதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெருமையில் விரல் போய் கன்ட்ரோல் எஸ்ஸை அழுத்தியது.

திரை நின்றது.

"ஏமய்யிந்தி?" என்றார் அவர், என்ன ஆச்சு என்று.

"ஒன் மினிட் சார்."

கை சும்மா இருந்தால் சந்தேகம் வருமே! திரைதான் செத்துப்போச்சே என்ற தைரியத்தில், மும்முரமாக வேலை செய்வதுபோல், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன். 'சனியனே.' என்டர். 'வாடா டேய், மானத்த வாங்காத.' என்டர். 'இந்த ஆளு வேற முட்டக்கண்ண வச்சிக்கினு மொறைக்கிறான்.' என்டர். ஓர் எழுத்தும் திரையில் வரவில்லை. நிம்மதியாக எழுந்து ஸ்விட்சுக்குக் குனிந்தேன்.

"வோல்டேஜ் ப்ராப்ளம், சார்."

தலைக்கு மேல் ஏசி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஆகண்டி!" என்று பதறித் தடுத்தவர், கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்தினார். அவ்வளவுதான். அடைபட்டுக் கிடந்ததெல்லாம் மடமடவென்று திரையில் கொட்டியது. ஒவ்வொரு வசவுக்கும் கீழே, இப்படி ஒரு கட்டளை இல்லை என்று கம்ப்யூட்டர் மரியாதையாகப் பதில் வேறு சொல்லியிருந்தது. தெலுங்குக்காரருக்கு என்ன புரியப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசி வரிவரை நிதானமாகப் படித்தார்.

"நமக்கு பாலசமுத்திரம், தம்பி. வூட்ல தமிழ்தான்."

அந்த அறைக்கு ஜன்னல் இருந்திருந்தால் குதித்திருப்பேன்.

"கண்ணு கெடக்குது, வுடு. எங்க அம்மாவும் அதான் சொல்லும். ஆனா சிங்கப்பூர்ல இருக்கிறது பேங்கு கம்ப்யூட்டரு. நீ நிறுத்தினது திரைய மட்டுந்தான். உள்ள அது பாட்டுக்கு வேலை செஞ்சிக்கினு இருந்துச்சி. அத போய் அணைக்கப் பாத்தியே! உன்ன அனுப்பினா என் வேலையும் பூடும்."

வேலை கிடைக்கவில்லை. நைனா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நின்னா அணைன்னு சொல்லிக்குடுத்தது நான்தானடா" என்று தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. ஆனால் துக்கம் ஆறியதும், அவரே அந்தக் கதையைத் தெருவுக்கெல்லாம் நடித்துக் காட்ட ஆரம்பித்தார். எனக்குக் கல்யாணமானதும் மருமகளிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

இன்றைக்கும் கோபம் வந்தால் நான் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். சமையலறையிலிருந்து என் மனைவி பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"உங்க நைனா கன்ட்ரோல் எஸ் ஆயிட்டாரு. உள்ள எல்லாம் டைப் ஆயிக்கினு இருக்குது. ஒருத்தரும் க்யூவத் தொடாதீங்க!"