படகு விடுவதும் கலையே

காலை ஆறு ஐம்பது. நாற்பத்தொன்றாவது முறையாக சகாதேவனின் படகு பாறையில் மோதி உடைந்தது.

படகு டிவிக்குள் இருந்தது. சகாதேவன் பாயில் இருந்தான். மரக்காணத்து உப்பளம் முழுக்க மழைத்தண்ணீர். அது வற்றுகிறவரை உப்பு வாருகிறவனுக்கு வேலை இல்லை. மனைவி அமுதவல்லி வேலை பார்த்த ஆரோவில் வீட்டு வெள்ளைக்காரர், சொந்த ஊருக்குத் திரும்பும்போது அவளிடம் கொடுத்துவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டி அது. ஒரு கிழவன் பாய்மரப் படகில் தீவைத் தேடிப் போகிறான். ஆட்டம் அவ்வளவுதான். அதற்காக சகாதேவன் பல் துலக்குவதையே மதியத்துக்குத் தள்ளி வைத்திருந்தான்.

அன்று அமுதவல்லி டிவியை நிறுத்தினாள். "விளையாடற வயசா இது? பெட்டியைக் கட்டிப் பரண்ல போடறேன்."

"இது விளையாட்டு இல்ல, அமுதா. ஆர்ட்டு. அந்தக் கெழவனைப் பார்த்தா எனக்குக் கண்ணு கலங்குது."

"எனக்கு வெங்காயம் அரிஞ்சாலும்தான் கலங்குது. அதுவும் ஆர்ட்டா?"

மதியம்வரை வாக்குவாதம். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். பொங்கல் விழாவில் வீடியோ கேம் போட்டியும் வைக்கச் சொல்லுங்கள்; நோட்டீஸில் ஊர் அதை எந்தத் தலைப்பில் போடுகிறது என்று பார்ப்போம். விளையாட்டுப் போட்டி என்றால் பெட்டி பரணுக்கு. கலைப் போட்டி என்றால், வீட்டில் யார் ஆர்ட்டிஸ்டோ அவருக்கு டிவி, மற்றவருக்குச் சமையல்.

சகாதேவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விழாக் கமிட்டியில் அவனும் ஒரு ஆள். சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

கமிட்டித் தலைவர் கலையரசன் யோசிக்காமல் அதைச் சாக்கு ஓட்டத்துக்குக் கீழே எழுதினார். சகாதேவன் எழுந்தான். ஒன்றரை மணி நேரம் பேசினான்.

"மீனே புடிக்காதவன் இன்னாத்துக்குப்பா கடலுக்குப் போறான்?" என்று கேட்டான் உப்பு மூட்டை டெம்போ ஓட்டும் சிலம்பரசன்.

"அதாம்பா ஆர்ட்டு."

கிழவனின் தனிமையை அவன் விவரித்தபோது, மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீடு போய்விட்டதால் தனியாக இருக்கும் கலையரசன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடியோ கேம், கோலத்துக்குக் கீழே, கலைப் போட்டிகளில் ஏறியது.

அச்சான நோட்டீஸோடு சகாதேவன் வீட்டுக்குள் பறந்து வந்தான். அமுதவல்லி நிதானமாக, கடைசி வரிவரை வாய்விட்டுப் படித்தாள்: "கலைப் போட்டிகள் பெண்களுக்கு மட்டும்."

சகாதேவன் உட்கார்ந்துவிட்டான். அது அவனே கொண்டுவந்த விதி. மூன்று வருஷத்துக்கு முன்பு சிலம்பரசன் வாசலில் ஒரு மயிலைப் போட்டுக் கோலப் போட்டியில் முதல் பரிசைத் தட்டிச் சென்றான். அமுதவல்லிக்கு இரண்டாவது. ஒன்பது நாள் வீட்டில் பேச்சு இல்லை. சமாதானத்துக்காகக் கமிட்டியில் சண்டை போட்டு, ஆண்களை வெளியே தள்ளியது இவன்தான்.

"பேரு குடுக்க யாரு இருக்கா?" என்றான் ஈனஸ்வரத்தில். "பொம்பளைங்களுக்கு இந்தப் படகு விடத் தெரியாதே."

அமுதவல்லி கேம் ரிமோட்டை வாங்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். படகு பாறையை அழகாகச் சுற்றி வளைந்தது. இருபதாவது நிமிடம் தீவு வந்தது.

"அந்த வெள்ளைக்காரரு வீட்ல ரெண்டு வருஷம் இருந்தேங்க. தூசி மட்டும் தட்டிட்டு வந்தேன்னு நெனச்சீங்களா?" கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "வெங்காயம் கூடையில இருக்குது."

2025 ஜனவரி 16, காணும் பொங்கல். வீடியோ கேம் கலைப் போட்டியில் முதல் பரிசு அமுதவல்லிக்கு. சகாதேவன் விழாவுக்கு வரவில்லை; அடுப்பில் குழம்பு இருந்தது.