தொப்பியைத் தின்ற சலாமா

நைரோபி

பெருமதிப்பிற்குரிய அண்ணன் கீலு அவர்களுக்குத் தம்பி முசெம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே உடம்புக்குக் குறைவில்லை; நிம்மதிதான் ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று. அங்கே மழை பெய்ததா? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? கைபேசியில் உங்களுக்குப் பாதிதான் கேட்கும், இந்த விஷயத்தைப் பாதி கேட்டால் ஆபத்து, அதனால் எழுதுகிறேன்.

நம் பையன் கிமேயுவுக்குப் பேசியிருக்கும் பெண் முவேனியின் அம்மா கலோண்டு, மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தைப் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று இங்கே தன் தங்கை வீட்டில் வந்து தங்கிவிட்டார். அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் பாதிரியாரே உட்கார்ந்துவிடுவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சின்னத் தோட்டம் போல ஒரு வைக்கோல் தொப்பியோடு வந்தார். ஒட்டகச்சிவிங்கி மையத்தின் மேடையில் கிமேயு தீவனத்தைக் கையில் கொடுத்து, "ஒவ்வொண்ணா குடுங்கம்மா, கைய மூடி வச்சுக்காதீங்க, அதுக்குக் கோவம் வரும்" என்று தன்மையாகத்தான் சொன்னான். இவரோ கையை மூடிக்கொண்டு, பொறுமையைப் பற்றி அதற்கு உபதேசம் ஆரம்பித்தார். சலாமா என்கிற அந்த ஒட்டகச்சிவிங்கி கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கரிய நாக்கை நீட்டித் தொப்பியைச் சுருட்டி வாய்க்குள் இழுத்ததில் அம்மாள் மேடைப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தொப்பியில், அதைக் கொண்டையோடு குத்திவைக்கிற நீளமான ஊசி இருந்தது போலிருக்கிறது. நம் பையன் விழுந்தவரைத் தாண்டி ஓடி, அதன் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு ஊசியை எடுத்து, கன்னத்தைத் தடவி, "வலிக்குதா தாயி?" என்று கேட்டான். யாரை? சலாமாவை.

அம்மாளைத் தூக்கிவிட்டது நான்தான். "கீழ கெடக்குறது நான். அவன் யார விசாரிக்கிறான் பாத்தீங்களா?" என்றார். மட்டாட்டு வண்டியில் ஏறியது முதல் இறங்கும்வரை பேச்சில்லை. அவர் பேசாமல் இருப்பது எத்தனை பயங்கரம் என்று அன்றுதான் தெரிந்தது. கிமேயு சோறு தொடவில்லை. முவேனி அழுகிறாளாம். அண்ணா, நீங்கள் சனிக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போய், எங்கள் குடும்பத்தில் இப்படி யாரும் இல்லை, இவன் ஒருவன்தான் என்று பேசிச் சமாளிக்க வேண்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். ஆடுகள் பெருகட்டும்.

தங்கள் கலங்கிய தம்பி,
முசெம்பி

பி.கு.: போக வேண்டாம். இப்போதுதான் கலோண்டு அம்மாள் வந்தார். "வாயில்லா ஜீவனோட வாய்க்குள்ள பயப்படாம கைய விட்டவன், எம் பொண்ண விட்டுருவானா?" என்கிறார். சம்மதம். நாள் குறிக்க உங்கள் வீட்டுக்கே கிளம்பிவிட்டார். உங்களுக்குத்தான் எழுதுகிறேன் என்றதும், இந்தக் கடிதத்தை நானே கொடுத்துவிடுகிறேன் என்று வாசலில் கையை நீட்டியபடி நிற்கிறார். மறுக்க முடியவில்லை. நீங்கள் எதையும் உரக்கப் படிப்பவர் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தயவுசெய்து மனதுக்குள் படிக்கவும்.