டாலருக்குத் தேதி குறித்த கதை

யாராவது மரியாதை கொடுத்தால் போதும், நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதை என் மனைவி கோமதி ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் ஒப்புக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்தில் தறி வைத்துப் பட்டுப்புடவை விற்கிறவன் நான். முதல் தடவையாக வெளிநாட்டு ஆர்டர் வந்தது, நாற்பது புடவை. அந்த லாபத்தில் செவிலிமேட்டு வீட்டுக்கு மாடி எடுப்பதாகக் கோமதிக்கு வாக்குக் கொடுத்தேன். செங்கல்கூட வந்து இறங்கிவிட்டது.

டாலர் வரக் கணக்குத் தொடங்கிய தனியார் வங்கியில் ஏசி, மெத்தை நாற்காலி, முந்திரி பிஸ்கட். (மாமனார் வீட்டில்கூட எனக்கு முந்திரி வந்ததில்லை.) மேனேஜர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அங்கேயே எனக்குப் பாதி புத்தி போய்விட்டது.

"ஃபார்வர்டு கான்ட்ராக்ட் சார். மூணு மாசம் கழிச்சு வர்ற டாலருக்கு இன்னிக்கே விலை பேசிடலாம். டாலர் இறங்கினாலும் உங்களுக்கு இதே விலை. சொன்ன தேதிக்கு மட்டும் டாலர் வந்தாகணும்."

ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும். நான் இன்னொரு பிஸ்கட் எடுத்தேன்.

எங்கள் தொழிலில் வெள்ளிக்கிழமை என்றால் அடுத்த வெள்ளி. அமாவாசைக்குத் தறி ஓடாது, மழை பெய்தால் தெருவில் பாவு நூலை நீட்டிப் போட முடியாது, கருடசேவைக்கு ஊரே சாமி பின்னால் போய்விடும். டாலரும் இதையெல்லாம் அனுசரித்து நடக்கும் என்று நினைத்து, வாயில் வந்த தேதியைச் சொன்னேன்.

புடவை மூன்று வாரம் தாமதம். வங்கிக்குப் போன் போட்டேன்.

"நாலு நாள் முன்ன பின்ன ஆவும் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

மேனேஜர் அதே குழைவான குரலில் ஒப்பந்தம் ரத்து என்றார். நான் தராத டாலரை ஏறிய விலைக்கு வெளியே வாங்க வேண்டி வந்ததால், வித்தியாசத்தை என் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டாராம். "வேற எதாவது உதவி வேணுமா சார்?" என்றும் கேட்டார். என் டாலர் வந்து சேர்ந்த வாரம் பார்த்து விலை பழையபடி இறங்கியது. லாபம் மொத்தமும் காலி.

"இன்னாத்துக்குக் கையெழுத்துப் போட்ட?" என்றாள் கோமதி. கோபம் வந்தால் அவளிடம் 'ங்க' இருக்காது.

"பிஸ்கட் குடுத்தாங்க."

"ஒரு மாடியத் தின்னுட்டு வந்துகிற. கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே."

செங்கல்லைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

கோமதி கணக்கை ஒரு பழைய வங்கிக்கு மாற்றினாள். உட்கார நாற்காலி கிடையாது, மூன்றாம் முறை கூப்பிட்டால்தான் பதில் வரும். அடுத்த ஆர்டர் கிடைத்ததும் புத்தி வராமல், ஃபார்வர்டு கான்ட்ராக்ட் உண்டா என்று கவுன்டரில் விசாரித்தேன்.

"அத்தப் பாக்கற ஆளு லீவு. அடுத்த மாசம் வாங்க" என்றார் ஆபீசர், தலை நிமிராமல்.

கான்ட்ராக்ட் இல்லாமல் தப்பித்த அந்த ஆர்டர் லாபத்தில்தான் மாடி எழும்பியது. வருஷா வருஷம் தீபாவளிக்குக் கோமதி அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய் வைக்கிறாள். எதற்கென்று அவர் இதுவரை கேட்டதில்லை. நிமிர்ந்தால்தானே கேட்பதற்கு.